ரீட்டா நிறுத்திய குளிசை

செவ்வாய், இரவு.

வெள்ளவத்தை வகுப்பில் இன்று நோயாளிகளுக்கு வழிகாட்டப் பழகும் நலப் பயிற்சியாளர்களுக்கு ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன்: உங்களிடம் வருபவரை ஏசாதீர்கள், ஏன் என்று கேளுங்கள். பயிற்சிக்காக, கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் மாணவி ரீட்டா மருந்தை நிறுத்திய நோயாளியாக நடித்தாள். எல்லோரும் கைதட்டினோம்.

வகுப்பு முடிந்ததும் தனியே வந்தாள். "மிஸ், அது நடிப்பில்ல. எனக்குத்தான் சுகர். மூணு மாசமா குளிசை போடல்ல."

"உமக்கென்ன விசரா? கண் போயிடும், கால் போயிடும்!" என்று கத்திவிட்டேன். அவள் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அவளுக்கு ஃபோன் எடுத்து மன்னிப்புக் கேட்டேன்.

"பரவாயில்ல மிஸ். கிளினிக்லயும் இப்பிடித்தான் ஏசினாங்க. அதாலதான் போறத விட்டேன்."

நாளைக்கு வகுப்புக்கு வருவீரா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.