கிணற்றுப் பங்கு கேட்டவருக்கு நீ எழுதிய பதில்

என் உயிருக்கு உயிரான சின்னண்ணே,

இப்போது வலி இல்லாமல் இருக்கிறாயா? இத்தனை வருடம் கழித்து உனக்கு எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் பெரியண்ணன். போன வாரம் அல்லிநகரத்தில் என் வீட்டுக்கே வந்துவிட்டார். அதைச் சொல்லும் முன், நீ போன பிறகு அவர் செய்ததை நீ கேட்க வேண்டும்.

தொண்டைப் புற்றுக்கு ஆபரேஷன் செய்து குரல் போன பிறகு நீ சிலேட்டில்தான் எழுதிக் காட்டினாய். எழுதி எழுதி அழித்து, ஒருநாள் கோபத்தில் அதைத் தூக்கி எறிந்தாய். நான் அப்போது கணினி மையத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். கையில் பிடித்து எழுதுகிற கணினி ஒன்று வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு உன்னை மதுரைக்கு அழைத்துப் போனேன். தொடுதிரை போன் எல்லார் கையிலும் இல்லாத காலம் அது.

கடைக்காரர் மூன்றைக் காட்டினார். ஒன்றில் பொடிப்பொடியாகப் பொத்தான்கள்; திராட்சைக் கொடியை வெட்டிக் கவாத்து செய்தே தடித்துப்போன உன் விரல் இரண்டிரண்டாக அமுக்கியது. இன்னொன்றுக்கு இங்கிலீஷ் எழுத்து மட்டும்தான் புரியும். மூன்றாவதை அவர் தள்ளி வைத்தார். "இது பழைய மாடல் சார், சும்மா கிறுக்கத்தான் ஆகும்." நீ அதன் குச்சியை வாங்கித் திரையில் எழுதினாய்: "இது போதும். பசிக்குது." உன் கையெழுத்து அப்படியே நின்றது. மேலே தேதியும் மணியும் தானாக விழுந்தன. கடைக்காரரே சிரித்துவிட்டார். கிளம்பும்போது என்னிடம் சொன்னார்: "சார்ஜ் சுத்தமா இறங்கவிட்றாதீங்கம்மா, எழுதுனது பூரா போயிரும்."

அதன் பிறகு எட்டு மாதம் நீ பேசியதெல்லாம் அதில்தான். செல்வி மதினியோடு சண்டை போட்டதும் அதில்தான். "ரசத்துல உப்பு எங்க?" என்று எழுதி அவர் மூக்குக்கு நேரே நீட்டுவாயே!

உன் பதினாறாம் நாள் சொந்தமெல்லாம் கூடியிருந்தது. சாப்பாட்டுப் பந்தி முடிந்ததும் பெரியண்ணன் எழுந்தார். "தம்பி கடைசியா எங்கிட்ட கிணத்துப் பங்கக் குடுத்துட்டுப் போயிட்டான். 'நீங்களே வச்சுக்கங்கண்ணே'ன்னு வாயத் திறந்து சொன்னான். எல்லாரும் கேட்டுக்கங்க."

வாயைத் திறந்து சொன்னாயாம். எங்கே இருந்தது அண்ணே உனக்குக் குரல்? கேட்டால், மூச்சுக்காற்றில் மெதுவாகச் சொன்னாயாம், அவர் காதுக்கு மட்டும் கேட்டதாம். அந்தத் தண்ணீர் இல்லாவிட்டால் உன் திராட்சைப் பந்தல் ஒரே கோடையில் காய்ந்துவிடும் என்று அவருக்குத் தெரியாதா? மதினி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

உன் கருவி என்னிடம்தான் இருந்தது. அணைந்தால் உன் பேச்சு மொத்தமும் போய்விடுமே என்று தினமும் சார்ஜ் போட்டுவைத்திருந்தேன். மறுநாள் காலையில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகத் தள்ளினேன். மருந்துப் பெயர், கூலியாட்களுக்குச் சொன்னது, மதினிக்கு எழுதிய கொஞ்சல் (அதை மட்டும் படிக்காமல் தள்ளிவிட்டேன்). பிறகு அது கிடைத்தது. நீ போவதற்குப் பத்து நாள் முந்தைய தேதி.

மதினியிடம் காட்டினேன். அழுதார். "வீட்டுக்குள்ளயே காட்டிரலாம் தாயி. அவுக மானம் போயிரும்" என்றார்.

"போகட்டும் மதினி" என்றேன்.

காத்திருந்தேன். பங்கை எழுதி வாங்குவதற்காகப் பெரியண்ணனே ஊர்ப் பெரியவர்களைக் கிணற்றுமேட்டுக்கு வரச்சொன்னார். நம் ஊர் காமயகவுண்டன்பட்டியில் பாதிப்பேர் அங்கே நின்றார்கள். "குச்சனூர்ச் சனீஸ்வரன் சாட்சியாச் சொல்றேன், தம்பி எனக்குத்தான் குடுத்தான்" என்று கையை உயர்த்தினார். சத்தியம் செய்து முடிக்கட்டும் என்று விட்டேன், அண்ணே. தடுத்திருக்கலாம். வேண்டுமென்றேதான் விட்டேன்.

அப்புறம் கருவியைப் பெரியவர் ஒருவர் கையில் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார்:

"அண்ணே, கிணத்துப் பங்கத் தரமாட்டேன். நான் போனாலும் அது செல்விக்குத்தான். இனிக் கேக்காதீக."

"மிஷின்ல யாரு வேணாலும் எழுதலாம்" என்றார் பெரியண்ணன்.

"ஏப்பா, எனக்கு எத்தன மனு எழுதிக் குடுத்திருக்கான். அவன் எழுத்து எனக்குத் தெரியாதா? நீ கேட்டுத்தான இத எழுதிருக்கான்? கேட்டுட்டு, அவன் செத்ததும் மாத்திப் பேசுறியா?" என்றார் அந்தப் பெரியவர்.

கருவி ஒவ்வொரு கையாகச் சுற்றி வந்தது. பெரியண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. அன்றிலிருந்து ஊரில் எந்த நியாயம் பேசவும் அவரை யாரும் கூப்பிடுவதில்லை. பந்தலை மதினிதான் பார்க்கிறார். இந்த வருடம் காய் நல்ல திரட்சி.

போன வாரம் பெரியண்ணன் தாம்பூலத் தட்டோடு வந்து நின்றார். அவர் மகளுக்குக் கல்யாணம். "அத்தை முறைக்கு நீதான் தாயி முன்னால நிக்கணும்."

"அன்னைக்கிக் கிணத்துமேட்டுல நின்னவுகளக் கூப்பிட்டு, 'நான் சொன்னது பொய்'யின்னு உங்க வாயால சொல்லுங்க. முன்னால வந்து நிக்கிறேன்."

"அதான் எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சே. இன்னும் என்ன?"

"நீங்க சொல்லல."

தட்டோடு திரும்பிப்போனார். பஸ் வரும்வரை வெயிலில் நின்றார், வயதாகிவிட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். உள்ளே வந்து உட்காருங்கள் என்று சொல்லவில்லை. "போதும், விட்ரு" என்கிறார் மதினி. நீ இருந்தால் நீயும் அதைத்தான் எழுதிக் காட்டுவாயோ?

காட்டினாலும் கேட்கமாட்டேன். பேச முடியாத உன் பேரில் சொன்ன பொய்யை அவரே திரும்ப எடுக்கும்வரை அவர் வாசலை மிதிக்கமாட்டேன். அவர் சாவுக்கும்கூட. இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

இரண்டு அண்ணன்களோடு பிறந்து,
உனக்கு மட்டும் தங்கச்சியாக இருக்கும்
ராசாத்தி