உன் தம்பி ஐடிலாக இருக்கிறான் என்றாயே

மகளுக்கு, அம்மா எழுதுவது. நாங்கள் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய், அன்றைக்குப் போனில் முகம் பளிச்சென்று தெரிந்தது. பேசினால் குறுக்கே பேசுவாய், அதனால் எழுதுகிறேன், பாதியில் வைத்துவிடாமல் படி.

தம்பியை மாப்பிள்ளை பார்க்க வந்த பெண் வீட்டார் அவன் நிலைமை தெரியாமல் வரவில்லை. அப்பாவுக்கு மூக்குக்கண்ணாடி மாற்றப் போன கடையில்தான் அந்தப் பெண் தம்பிக்குப் பழக்கம். அப்பா படுக்கையில் விழுந்ததும் அவன் வேலையை விட்டதும் எல்லாம் அவளுக்குத் தெரியும். பிடித்துப்போய்த்தான் அவள் தன் அப்பாவை வீட்டாரோடு கூட்டி வந்தாள். அந்த மனிதரும் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். சர்க்கரை டப்பாவில் நான் சாய்த்து வைத்த போனுக்குள் நீ உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாய். பையன் இப்போது என்ன செய்கிறார் என்று அவர் கேட்டது என்னை. நான் வாயைத் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய். "அவன் ஐடில், அங்கிள். மூணு வருஷமா வீட்லதான் சும்மா இருக்கான்." சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு வேறு. அவர் டம்ளரைக் கீழே வைத்தார். வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று எழுந்துவிட்டார். அவர் வீட்டு ஆட்கள் மொத்தப் பேரும் இங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள், இனி யாரோடு கலக்கப் போகிறாராம்? தம்பி அப்போது பக்கத்து அறையில் அப்பாவை ஒருக்களித்துப் படுக்க வைத்து முதுகு துடைத்துக்கொண்டிருந்தான். நடுவில் இருப்பது திரைச்சீலைதான், சுவர் இல்லை.

வேலைக்குப் போகவில்லை என்றுதான் சொன்னேன், அதற்கு அர்த்தம் அவ்வளவுதான் என்பாய். கீழ் வீட்டு டியூஷன் டீச்சரிடம் கேட்டேன். அகராதியை எடுத்துப் படித்துக் காட்டினாள். வேலை இல்லாதவன் என்றும் இருக்கிறது, சோம்பேறி என்றும் இருக்கிறது, வீண்பேச்சுக்கும் அதே வார்த்தைதானாம். அப்படியென்றால் அன்றைக்கு அந்த அறையில் ஐடிலாக இருந்தது யார் என்று நீயே யோசித்துக்கொள். அப்பாவுக்கு இன்னொரு அர்த்தம். மெக்கானிக் ஆயிற்றே. திக்கித் திக்கி, "வண்டி நிக்கும், என்ஜின் ஓடும், அதுவும் ஐடில்தான், பிள்ளைய திட்டாத" என்று உனக்காக வக்காலத்து வாங்கினார். உங்கள் என்ஜினை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள், அவள் அதைச் சொல்லவில்லை என்று சொல்லிவிட்டேன். எனக்குத் தெரியும் நீ எதைச் சொன்னாய் என்று. நான் நூல் மில்லில் நின்றவள். நூல் வராமல் மெஷின் நின்றால் சூப்பர்வைசர் பலகையில் ஐடில் என்று எழுதுவார், எழுதிவிட்டுப் பக்கத்தில் நிற்கும் எங்களை ஒரு பார்வை பார்ப்பார். நாங்களே நூலைத் தின்றுவிட்ட மாதிரி. போனில் நீ சிரித்தபோது உன் முகத்தில் அந்த ஆள்தான் தெரிந்தார்.

தம்பி உன்மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அக்கா சொன்னதுல என்ன தப்பு, நான் வேலைக்கா போறேன்" என்றான், சாப்பிடாமல் கை கழுவினான். அந்தப் பெண் போன் செய்தாளாம், எங்கள் அப்பாவிடம் நான் பேசுகிறேன் என்றாளாம். இவன்தான் வேண்டாம், முதலில் வேலைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். பழைய ஐஸ் கம்பெனிக்கே போய்க் கேட்டான். எலக்ட்ரீஷியனாக மறுபடி எடுத்துக்கொண்டார்கள், அடுத்த மாதம் சேருகிறான். போகாதே என்று நான் சொல்லவில்லை. நீயும் போன் செய்து மன்னிப்புக் கேட்டு அவன் மனதைக் கலைக்காதே, அவன் இளகிவிடுவான்.

அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்துக்கொள் என்று சொல்லாதே. வைத்துப் பார்த்தோம். வந்தவன் ஈரத் துணியில் அப்பாவைக் கிடத்திவிட்டு வாசலில் போன் பார்த்துக்கொண்டிருந்தான். என் முழங்காலை நம்பியும் ஆகாது. போன வாரம் தம்பி மருந்துக்கடைக்குப் போயிருந்தபோது தனியாக அவரைத் திருப்பப் போய், இரண்டு பேரும் தரையில் சரிந்தோம். டீச்சர் வந்து தூக்கும்வரை அப்படியே கிடந்தோம். அப்பாதான், அடிபட்டதா என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அதனால் நீ வா. கேட்கவில்லை, சொல்கிறேன். தம்பி வேலையில் சேருவதற்கு முன்னால் வந்துவிடு, எப்படிப் பிடித்துத் தூக்குவது என்று அவன் காட்டிக் கொடுப்பான். மாப்பிள்ளைக்குச் சமைக்கத் தெரியும், பசியோடு இருக்க மாட்டார். ஆபீசில் லீவுக்குக் காரணம் கேட்டால், வீட்டில் சும்மா இருக்கப் போகிறேன் என்று சொல்.

சாபம் விட எனக்குத் தெரியாது, பெற்றவள் வாயில் அது வராது. நன்றாக இரு. வரும்போது நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு வா, அப்பாவின் முதுகுத் தோல் காகிதம் மாதிரி ஆகிவிட்டது.

இப்படிக்கு,
உனக்கும் உன் தம்பிக்கும் அம்மா