சங்கு ஊதினால் வருபவர்கள்

மே 6, செவ்வாய்

தங்கச்சி பெட்டியோடு வந்து இறங்கிவிட்டாள். "எத்தனை நாளைக்கு?" என்று கேட்க வாயெடுத்தேன். மேசைக்கு அடியில் மனைவி என் காலை மிதித்தாள். நல்லவேளை, செருப்பு போட்டிருக்கவில்லை.

காரணம் அவள் புருஷன், எங்கள் மாப்பிள்ளை. துறைமுகத்தில் நிற்கும் படகுகளுக்கு அடியில் மூழ்கி, ஒட்டிக்கிடக்கும் சிப்பியையும் பாசியையும் சுரண்டுவது அவர் தொழில். மேலே ஒரு கம்ப்ரசர், அதிலிருந்து நீளமான காற்றுக் குழாய், அதன் நுனி வாயில். அவருக்கும் உயிருக்கும் உள்ள சம்பந்தம் அவ்வளவுதான். கல்யாணத்துக்கு முன்பிருந்தே இதுதான் வேலை, தங்கச்சிக்கும் பழகிப்போனது. ஆனால் சில மாதமாகத் துறைமுகத்துக்குள் சுறா வருகிறது. ஒன்றிரண்டு இல்லை.

"அவர் தண்ணியில இறங்கறதை நிறுத்தட்டும், அப்புறம் அந்த வீட்டுக்குப் போறேன்" என்கிறாள் இவள். அவரோ, "எனக்கு வேற என்ன வரும்? தரையில எனக்கு ஒழுங்கா நடக்கவே வராது" என்றாராம்.

இரண்டு பேர் சொல்வதும் சரி. நடுவில் நஷ்டம் எனக்கு. டிவிக்கு எதிரே இருக்கும் என் நாற்காலியில் இப்போது அவள்.

மே 8, வியாழன்

சமையலறை டப்பாக்களை எல்லாம் தங்கச்சி இடம் மாற்றிவிட்டாள். மனைவி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

மே 12, திங்கள்

கொட்டகைக்கு இன்று விருந்தாளி.

நான் மீன் சுத்தம் செய்யும் கொட்டகையில் மேற்பார்வையாளர். அதாவது நாற்பது பெண்கள் மீனை அறுத்துக் கழுவுவார்கள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பேன். கொட்டகை தண்ணீருக்கு மேலே தூண்களில் நிற்கிறது. தரையில் ஒரு பெரிய துவாரம். தலை, குடல், செதில் எல்லாம் அதில்தான் போகும், நேரே கடலுக்கு. வேலை முடிகிற சங்கு ஊதியதும் எல்லாரும் கூடையைத் தூக்கி ஒரே நேரத்தில் கவிழ்ப்பார்கள். யார் ஆரம்பித்த பழக்கமோ. முன்னாடியே கொட்டிவிட்டால் 'வீட்டுக்கு ஓடப் பார்க்கிறாள்' என்று பேச்சு வரும், அதனால் எவளும் கொட்ட மாட்டாள்.

வந்தவள் சுறாக்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற பெண். என் மகள் வயசுதான் இருக்கும். எதைக் கேட்டாலும் ஒரே பதில்.

"ஏம்மா, சுறா எல்லாம் ஏன் திடீர்னு ஊருக்குள்ள வருது?"

"வெளிக்கடல்ல அதுங்க திங்கற மீன் கொறைஞ்சது காரணமா இருக்கலாம் சார்."

"இருக்கலாமா, இருக்கா?"

"இருக்கலாம். தண்ணியோட சூடு மாறினதும் இருக்கலாம். இங்க சுலபமா சாப்பாடு கிடைக்கறதும் இருக்கலாம். எல்லாம் சேர்ந்தும் இருக்கலாம்."

"டாக்டர் பட்டம் இதுக்குத்தான் கொடுத்தாங்களா?"

கோபித்துக்கொள்வாள் என்று பார்த்தேன், சிரித்தாள். "ஆமா சார். தெரியாததைத் தெரியாதுன்னு சொல்றதுக்குத்தான் பட்டமே."

பிறகு மேசையில் குவிந்திருந்த மீனைக் கையில் அள்ளிப் பார்த்தாள். விரல் நீளம். நான் வேலைக்குச் சேர்ந்தபோது இந்தச் சைசை வலையிலேயே உதறிவிடுவார்கள். "பெரிசு கிடைக்கலைன்னு வலைக்கண்ணைச் சின்னதாக்கறாங்க. சின்னதை எல்லாம் பிடிச்சா எது பெரிசாகும்? நமக்கே இந்தக் கதின்னா அதுங்க கதி?" என்றாள். இந்த ஒரு இடத்தில் மட்டும் 'இருக்கலாம்' வரவில்லை.

நாளை சங்கு நேரத்துக்குத் துவாரத்தின் அருகே நிற்க வேண்டுமாம். நிற்கட்டும். எனக்கென்ன.

மே 13, செவ்வாய்

எனக்கென்ன என்று நேற்று எழுதிய ஆள் நான்தானா?

சங்குக்கு முன்பே போய்த் துவாரத்தைச் சுற்றி நின்றோம். கீழே பச்சைத் தண்ணீர். மிதக்கிற ஒரு பிளாஸ்டிக் பை. ஆடிக்கொண்டிருக்கும் என் முகம். தலையில் முடி எவ்வளவு பாக்கி என்பதைத் தண்ணீர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறது.

சங்கு ஊதியது. "கொஞ்சம் பொறுங்கம்மா, யாரும் கொட்டாதீங்க" என்றாள் ஆராய்ச்சிக்காரி. கூடைகள் இடுப்பிலேயே நின்றன.

முதலில் என் முகம் கலைந்தது. காற்று இல்லை, அலை இல்லை. அடியில் ஏதோ தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வருகிறது. அப்புறம் தூண்களுக்கு நடுவே ஒரு நிழல். அதன் பின்னால் இன்னொன்று. அதற்கும் பின்னால் — எண்ணுவதை விட்டுவிட்டேன். அவ்வளவு பெரிய உடம்புகள், ஒன்றோடொன்று உரசாமல், சத்தமே இல்லாமல், எங்களுக்கு நேர் கீழே வட்டமிடத் தொடங்கின. மனிதர்கள் நிற்கிற எந்த வரிசையிலும் இந்த ஒழுங்கை நான் பார்த்ததில்லை. நடுவில் ஒருத்தி, முதுகுத் துடுப்பின் நுனி மடங்கியவள். பெண் என்று ஆராய்ச்சிக்காரிதான் சொன்னாள். மூன்று சக்கரச் சரக்கு வண்டி நீளம் இருப்பாள். அவள் திரும்பும்போது தண்ணீர் எழுந்து நின்று வழிவிடுவது போலிருந்தது.

நாற்பது பெண்கள். எல்லார் கழுத்தும் துவாரத்தின் பக்கம் நீண்டிருந்தது. அந்தக் கொட்டகையில் தண்ணீர் தூண்களில் மோதும் சத்தத்தை இன்றுதான் கேட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், வெட்கமாக இருந்தாலும். சங்கு ஊதினால் எனக்கு டீ ஞாபகம் வந்து நாக்கில் எச்சில் ஊறும். இன்றும் ஊறியது. கீழே பார்த்தேன். ஏதோ சொந்தக்காரர்களைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

அப்புறம் கூடைகள் கவிழ்ந்தன. ஒழுங்கெல்லாம் போயிற்று. தண்ணீர் கொதித்து, சிவந்து, வால்கள் தூண்களில் மோதி, கொட்டகையே அதிர்ந்தது. மாப்பிள்ளை சுரண்டுகிற படகுகள் நிற்கும் இடம், அங்கிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரம்.

மே 17, சனி

மாப்பிள்ளை பெண்டாட்டியைப் பார்க்க வந்தார். தங்கச்சி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளே அவருக்குக் கேட்கும்படி பாட்டுப் பாடினாள். பாவம், அவர் அதையும் ரசித்துக் கேட்டார்.

வாசலில் நின்று நான் பார்த்ததைச் சொன்னேன்.

"எனக்குத் தெரியாதா மச்சான்? அதான் சங்குக்கு ரொம்ப முன்னாடியே ஏறிடறேன். மத்த நேரத்துல அதுங்க அந்தப் பக்கம் தலைகாட்டறதில்லை. என்னைவிட ஒழுங்கு."

"பயமா இல்லையா மாப்ளே?"

"உங்க தங்கச்சியோட குடும்பம் நடத்தறவன்கிட்ட கேக்கற கேள்வியா இது?" அப்புறம் குரல் தணிந்தது. "கழிவை வேற எங்கயாவது கொட்டச் சொல்லி முதலாளிகிட்ட நீங்க பேசலாமே."

"பார்க்கலாம்" என்றேன். அந்தப் பெண்ணுக்கு ஒரு 'இருக்கலாம்' என்றால் எனக்கு ஒரு 'பார்க்கலாம்'. அவளுடையதில் படிப்பு இருக்கிறது.

மே 21, புதன்

முதலாளியிடம் பேசினேன். அதாவது, அவர் அறை வாசல்வரை போனேன். உள்ளே ஃபோனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். திரும்பி வந்து டீ குடித்தேன்.

மே 28, புதன்

இன்று நடந்ததை முழுசாக எழுதிவிடுகிறேன்.

காலை வெயில் ஏறிக்கொண்டிருந்த நேரம். கொட்டகையை ஒட்டி நின்ற இழுவைப் படகுக்கு அடியில் மாப்பிள்ளை. பழைய சங்கு கரகரக்கிறது என்று புதுசு மாட்ட எலக்ட்ரீஷியன் வந்திருந்தார். மாட்டினார். வேலை செய்கிறதா என்று பார்க்க, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல், அழுத்தினார்.

ஊதியது. பழையதைவிட நல்ல குரல்.

அரைகுறையாக அறுத்த மீனைப் போட்டுவிட்டு அத்தனை பெண்களும் கூடையைத் தூக்கினார்கள். யாரும் யோசிக்கவில்லை. கை தானாகப் போகிறது. நானும் டீக்கு ரெண்டு எட்டு வைத்துவிட்டேன். மூன்றாவது எட்டில்தான் மாப்பிள்ளை ஞாபகம் வந்தார்.

"கொட்டாதீங்க, கீழ ஆள் இருக்கு" என்று கத்தினேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. முன் வரிசையில் ஒரு கூடை ஏற்கனவே சாய்ந்திருந்தது. பக்கத்தில் நின்றவள் அதை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். விளிம்பில் ஒரு குடல் தொங்கி ஆடியது. அது விழவில்லை.

துவாரத்தில் பார்த்தேன். நிழல்கள் வந்துகொண்டிருந்தன.

என் தொப்பையோடு நான் ஓடியதைப் பார்த்து வேறு நாளாக இருந்தால் ஊரே சிரித்திருக்கும். கம்ப்ரசர்காரர் காற்றுக் குழாயை இழுத்து இழுத்துச் சைகை காட்டினார். மாப்பிள்ளை ஏறவில்லை. குமிழி மட்டும் வந்தது. குமிழி வருகிறவரை ஆள் இருக்கிறார். நான் அந்தக் குமிழிகளையே பார்த்துக்கொண்டு குந்தியிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

அப்புறம் தலை வந்தது. தூக்கிப் போட்டோம். உடம்பில் ஒரு கீறல் இல்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு மல்லாந்து கிடந்தார்.

"அசையாம படகோட ஒட்டிக்கிட்டேன் மச்சான். கை நீட்டினா தொடலாம், அவ்வளவு கிட்ட போச்சுங்க. ஒண்ணுகூட என்னைப் பாக்கலை. எல்லாம் மேல, உங்க ஓட்டையையே பாத்துச்சுங்க. ஒண்ணும் விழலை. சுத்திச் சுத்திப் பாத்துட்டு ஒவ்வொண்ணா போச்சு. அந்தத் துடுப்பு மடங்கினது மட்டும் போற வழியில என் முன்னால நின்னுச்சு. கண்ணு இவ்வளவு பெரிசு. கோவம் இல்லை மச்சான். 'எங்க?'ன்னு கேட்ட மாதிரி இருந்துச்சு."

சொல்லிவிட்டு அழுதார். பயத்தில் அழவில்லை என்று நினைக்கிறேன்.

மே 29, வியாழன்

தங்கச்சியிடம் சொல்லக்கூடாது என்று எல்லாரிடமும் சத்தியம் வாங்கினேன். ராத்திரி சாப்பாட்டில் நானே உளறினேன். என் வாயில் எது நின்றிருக்கிறது?

அவள் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "சங்கு எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

மே 30, வெள்ளி

கொட்டகைக்கே வந்துவிட்டாள். சங்கு நேரத்துக்கு. துவாரத்தின் விளிம்பில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தரையைப் பிடித்துக்கொண்டாள். நான் கொட்ட வேண்டாம் என்று பெண்களுக்குக் கைகாட்டினேன்.

வந்தார்கள். இன்று தண்ணீர் தெளிவாக இருந்தது. மடங்கின துடுப்புக்காரி வயிறு தெரியச் சாய்ந்து மேலே பார்த்தாள். என் தங்கச்சி கீழே பார்த்தாள்.

"அம்மாடி" என்றாள், மூச்சுக்காற்றில். "எவ்வளவு பசி."

அப்புறம் என் பக்கம் திரும்பினாள். சின்ன வயசில் பொம்மையை உடைத்தபோது பார்த்த அதே பார்வை. "இத்தனை நாளா அவரோட சண்டை போட்டேனே. அவர் இறங்கறதுலயா தப்பு? விருந்து வச்சு கூப்பிடறது நீ. அவர் வேலை செய்யற இடத்துல."

"நான் இல்லம்மா, முதலாளி..."

"சங்கு ஊதினா கையைப் பின்னால கட்டிக்கிட்டு நிக்கறது யாரு, முதலாளியா?"

நாற்பது பேர் முன்னால். நாளை ஊர் முழுக்கப் போகும். போகட்டும்.

ஜூன் 2, திங்கள்

துவாரத்தின் மேல் பலகை வைத்து நானே ஆணி அடித்தேன். பாதி ஆணி பலகையில், மீதி என் கட்டைவிரலில். முதலாளி வந்தார்.

"யாரைக் கேட்டு?"

"யாரையும் கேக்கலை." சொல்லிவிட்டு வேலை போனால் என்ன செய்வது என்று யோசித்தேன். தலையில் ஒன்றுமே தோன்றவில்லை.

முன்வரிசைக்காரி கூடையைத் தரையில் வைத்தாள். "அன்னிக்கு என் கையில இருந்தது, இன்னும் கொஞ்சம் சாஞ்சிருந்தா கொலை. இனிமே நான் கொட்ட மாட்டேங்க." அடுத்தவளும் வைத்தாள். அப்புறம் வைக்கிற சத்தம் மட்டும்தான்.

முதலாளி போய்விட்டார். சாயங்காலம் கோழித் தீவனக்காரரின் வண்டி வந்து கழிவை அள்ளிக்கொண்டு போனது. ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாராம். எங்கள் பக்கம்தான் யாரும் காது கொடுக்கவில்லை.

ஜூன் 3, செவ்வாய்

தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டாள். நாற்காலி திரும்ப என்னுடையது. உட்கார்ந்தால் முன்போல் இல்லை, குழி விழுந்திருக்கிறது. டப்பாக்களை மட்டும் மனைவி பழையபடி மாற்றவில்லை. "இதுதான் வசதி" என்கிறாள். இந்த இருவரும் எப்போது கூட்டுச் சேர்ந்தார்கள்?

ஜூன் 10, செவ்வாய்

இன்னும் வருகிறார்கள். சங்கு ஊதியதும் வந்து, பலகைக்கு அடியில் சுற்றி, காத்திருந்து, போகிறார்கள். பலகை இடுக்கு வழியாகப் பார்க்கிறேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை. நாளுக்கு நாள் குறைகிறார்கள்.

"நல்லதுதானேம்மா?" என்று ஆராய்ச்சிக்காரியிடம் கேட்டேன்.

"உங்க மாப்பிள்ளைக்கு நல்லது சார். ஆனா இங்கிருந்து எங்க போகும்? இந்த ஓட்டையைப் பலகை வச்சு அடைச்சிட்டீங்க. வெளிய கடல்ல விழுந்திருக்கற ஓட்டைக்கு எவ்வளவு பெரிய பலகை வேணும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பட்டம் இல்லாமலே.

ஜூன் 24, செவ்வாய்

சங்கு ஊதியது. யாரும் வரவில்லை. பலகை இடுக்கில் தெரிந்த என் அரை முகம் தண்ணீரில் கலையவே இல்லை. டீ குடிக்கப் பிடிக்கவில்லை.

ஜூலை 9, புதன்

தங்கச்சி இப்போதெல்லாம் மாப்பிள்ளையோடு கூடவே வந்துவிடுகிறாள். கம்ப்ரசர் பக்கத்தில் ஒரு மரப்பெட்டி போட்டு உட்கார்ந்து, தண்ணீரைப் பார்த்தபடி காய் நறுக்குகிறாள். கம்ப்ரசர்காரர் அவளுக்குப் பயந்து சிகரெட்டை விட்டுவிட்டார்.

இன்று கரையோரமாகவே வலை போட்ட ஒரு படகு வந்தது. மேசையில் கொட்டிய விரல் மீன் குவியலுக்குள் ஒன்று துள்ளியது. முன்வரிசைக்காரி கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். சுறாக்குட்டி. முழங்கை நீளம்கூட இல்லை. வயிற்றில் தொப்புள்கொடி விழுந்த தழும்பு இன்னும் ஆறவில்லை. அந்த முகம், அந்தத் துடுப்பு, எல்லாம் அச்சாக இருந்தது, கடல் ஒரு கடுகில் தன்னை எழுதிப் பார்த்த மாதிரி. யாருடைய பிள்ளை என்று யார் கண்டது?

வாளியில் கடல் தண்ணீர் மொண்டு அதில் விட்டேன். ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஆராய்ச்சிக்காரிக்கு ஃபோன் போட்டேன். "அப்படியே தூக்கிப் போட்டுடாதீங்க சார், மயக்கத்துல அடியில போய் விழுந்துடும். யாராவது கூட இறங்கி, கையில பிடிச்சு, முன்னால தள்ளிக்கிட்டே போகணும். வாய் வழியா தண்ணி ஓடினாத்தான் அதுக்கு மூச்சு. தானா நீந்தற வரைக்கும் விடக்கூடாது."

வாளியோடு ஓடினேன். (ஓடத் தெரிந்துவிட்டது எனக்கு.) மாப்பிள்ளை அன்றைய வேலையை முடித்து, உடம்பைத் துவட்டிச் சட்டை போட்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் குட்டியைப் பார்க்கவில்லை, பெண்டாட்டியைப் பார்த்தார்.

அவள் வாளிக்குள் கையை விட்டு, ஒரு விரலால் அதன் முதுகைத் தொட்டாள். அப்புறம் காற்றுக் குழாயின் நுனியை எடுத்து, தன் முந்தானையில் துடைத்து, அவர் கையில் கொடுத்தாள்.

"நிக்கறீங்களே," என்றாள், "சீக்கிரம் இறங்குங்க."