யாருக்கும் சொல்லக் கூடாத எண்

அலெக்ஸ் அண்ணே,

உன்னிடம் பேசிப் பதினாறு மணி நேரமாகிறது. சோறும் புளிக்குழம்பும் மூடி வைத்திருக்கிறேன். அப்பளம் பொரிக்கவில்லை, வேண்டுமென்றேதான். சாவி பக்கத்து வீட்டு ஜுவைரியா அக்காவிடம்.

என் தொலைதூரக் கணினிப் படிப்புக்கு உன் போன் நம்பரைக் கொடுத்தது நீ. நேற்று பரீட்சைக்குப் பதிவு செய்ய ஓ.டி.பி. கேட்டால், "யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு அதுலயே போட்டிருக்குல்லா, ஏட்டி" என்றாய். நான் யாரோவா? பத்து நிமிஷத்தில் அது காலாவதியாகிவிட்டது. "எப்படியும் போன தடவை மாதிரி ஃபெயில்தான ஆவப்போற" என்று சிரிப்பு வேறு.

பதிவுக்கு இன்று கடைசி நாள். நம்பரை மாற்றச் சொல்லிக் கேட்க ஸ்ரீவில்லிபுத்தூர் படிப்பு மையத்துக்குப் போகிறேன்.

ஜெனிலா

விட்டுப்போனது: போன தடவை நான் ஃபெயிலாகவில்லை. அன்றும் நீ எண்ணைச் சொல்லவில்லை. நான் பரீட்சையே எழுதவில்லை.