கோழிகள் முட்டையிடாத மூன்று வாரம்

ஸ்காபரோ,
மார்கழி 3

அன்புத் தங்கச்சிக்கு,

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பாய். என் போனை அவரும் பார்க்கிறார்.

பின்வளவில் நிற்கும் நாலு கோழிகளும் மூன்று வாரமாக முட்டையிடவில்லை. பகல் குறைந்த காலம்தானே என்று கூட்டுக்குள் லைட் போட்டேன். தீனியையும் மாற்றினேன். இறகும் கொட்டவில்லை. நேற்றுப் பின்னேரம், கோழி வளர்க்கும் பக்கத்து வீட்டுத் துவாரகாவைக் கூட்டிவந்து காட்டினேன்.

“பயந்தாலும் முட்டை இடாது, அன்ரி. கோழி பிடிக்க ராக்கூன் ஏதும் வருதோ?”

“இல்லைப் பிள்ளை,” என்றேன்.

அந்த நேரம் பார்த்து அவருடைய கார் வந்தது. கராஜ் கதவுச் சத்தம் கேட்டதும் நாலும் ஓடிப்போய் மூலையில் ஒடுங்கின. துவாரகா கோழிகளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் சுவெற்றர் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டேன்.

சனிக்கிழமை அவருக்கு வேலை. பத்து மணிக்கு ஒஷாவாவிலிருந்து பெரிய வாகனமாகக் கொண்டுவா. ஆரும் கேட்டால் கோழி ஏற்ற வந்ததாகச் சொல். நாலு கோழியும் நானும் ஏறவேண்டும். இதற்குப் பதில் எழுதாதே.

கூட்டுக்குள் கோழிகள் முட்டையிடும் பெட்டியை அவர் இப்போது திறந்து பார்ப்பதில்லை. என் பாஸ்போட்டை அதற்குள், வைக்கோலுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

உன் அக்கா