வேலையை விடுகிறேன் என்று சொன்ன நாள்

நவம்பர் 14, வெள்ளி. வட்டக்கானல்.

அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, பெரும்பாறைக்கே போகிறேன் என்று விடுதிக்கார அக்காவிடம் இன்று சொல்லிவிட்டேன். வேலைக்குச் சேர்ந்தபோது, எழுத்தில் ஏதாவது கொடுங்கள் என்று கேட்டதற்கு, "நமக்குள்ள பேப்பர் எதுக்கு ஸ்டெல்லா? நீ எந் தங்கச்சி" என்றவர். அவருக்கு வேறு ஆள் கிடைக்கும்வரை ஒரு மாதம் இருக்கிறேன் என்றேன்.

"ஒரு மாசம்னு எதுல எழுதிக் கெடக்கு? இன்னைக்கே சாவியக் குடுத்துட்டுக் கெளம்பு. பையத் தொறந்து காட்டிட்டுப் போ."

தங்கியவர்கள் அறையைக் காலி செய்தால் போர்வை, துண்டு எல்லாம் சரியாக இருக்கிறதா என்று நான்தான் பார்ப்பேன். அவர்கள் பையை ஒரு நாளும் தொட்டதில்லை.

டிபன் பாக்ஸ், குடை, நீல ஸ்வெட்டர் எல்லாவற்றையும் மேசையில் எடுத்து வைத்தேன். ஸ்வெட்டரை விரித்துப் பார்த்தார்.

"இது ரூம்ல யாராவது விட்டுட்டுப் போனதா?"

போன கிறிஸ்துமஸுக்கு அவரே வாங்கிவந்து எனக்குப் போட்டுவிட்டது. "நீங்க குடுத்ததுதான்க்கா" என்று சொல்ல வாயெடுத்தேன். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

இப்போது குளிர் தாங்கவில்லை. ஸ்வெட்டர் பக்கத்தில்தான் கிடக்கிறது. எடுத்துப் போட்டுக்கொள்ள மனசு வரவில்லை.