மூன்று உருக்கும் ஒரு உப்புத்தாளும்

அன்புள்ள மகளுக்கு,

நானும் அப்பாவும் நலம், அப்பாவின் முழங்கால் மட்டும் எங்களோடு சேராமல் தனிவழி போகிறது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குழந்தைக்குப் பல் முளைக்கிற நேரம், கையில் கிடைத்ததையெல்லாம் கடிப்பாள், சார்ஜர் வயரை மேலே எடுத்து வை. அன்று போனைப் பாதியில் வைத்துவிட்டேன், கோபம்தான், பேசியிருந்தால் ஒன்றுக்கு இரண்டாகச் சொல்லியிருப்பேன், அதனால்தான் எழுதுகிறேன். மாமாவுக்காகக் கொஞ்சம் பார்த்துப் போட்டிருக்கக்கூடாதா என்று கேட்டாய். நடந்ததை முதலில் கேள்.

எங்கள் வார்ப்பாலை ஆய்வுக்கூடத்துக்குப் புது மெஷின் வந்ததைச் சொல்லியிருந்தேன். உலையிலிருந்து எடுத்த இரும்புத் துண்டை வைத்தால் அதன்மேல் ஒரு பொறி தட்டும், உள்ளே இருக்கிற ஒவ்வொரு உலோகத்தின் அணுவும் தனக்கென்று ஒரு நிறத்தில் ஒளிவிடும், எந்த நிறம் எவ்வளவு என்று பார்த்து என்னென்ன கலந்திருக்கிறது என்று உடனே சொல்லிவிடும். பழைய மெஷினும் இதே வேலைதான் செய்தது, ஆனால் அதற்குக் கண் மங்கல், இது கடுகளவையும் விடாது. வந்த நாளிலிருந்து ஏசியும் திரைச்சீலையுமாக இதற்கு நடக்கிற உபசாரத்தைப் பார்த்து நாங்கள் புதுமாப்பிள்ளை என்று பேர் வைத்துவிட்டோம். அந்த மாப்பிள்ளைதான் உன் மாமா உலையில் மூன்று முறை உருக்கி இறக்கிய மூன்று உருக்கிலும் அலுமினியம் அதிகம் என்று சொன்னது. நீராவி வால்வுக்குப் போகிற வார்ப்பு அது. வார்ப்பில் ஓட்டை விழாமலிருக்கக் கொஞ்சம் அலுமினியம் போடுவார்கள், அளவுக்கு மீறினால் உள்ளுக்குள் விரிசல் விடலாம், வெளியே தெரியாது. மாமா கைக்கணக்கில் அள்ளிப் போட்டிருக்கிறான் என்று மேனேஜர் முடிவு கட்டி, அவனை உலையை விட்டே எடுத்துவிடுவதாக இருந்தார். உலை இல்லாவிட்டால் அவன் என்ன ஆவான் என்று உனக்கே தெரியும்.

எனக்கு மூன்றும் ஒரே மாதிரி வந்ததுதான் இடித்தது. துண்டைப் பொறிக்கு வைக்கும் முன் உப்புத்தாளில் தேய்த்துச் சமமாக்குவோம். புது மெஷினுக்கென்று கொடுத்திருந்த தாள் தீர்ந்துபோய், ஸ்டோரில் பழைய வகையைக் கொடுத்திருக்கிறார்கள், எங்கள் ஆட்களும் எந்தத் தாளாக இருந்தால் என்ன என்று தேய்த்திருக்கிறார்கள். பழைய தாளின் துகளிலேயே அலுமினியம் உண்டு, தேய்க்கத் தேய்க்கத் துண்டில் ஒட்டிக்கொள்ளும். அதைக் கண்டுபிடித்ததும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது, மறைக்காமல் சொல்கிறேன். சரியான தாளை வரவழைத்து மறுபடி தேய்த்துப் பார்த்தேன். இரண்டு உருக்கு சுத்தம். மூன்றாவதில் மட்டும் அலுமினியம் இறங்கவில்லை. இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன், இறங்கவே இல்லை. நீங்க அவருக்கு அக்கா, வேற ஆளை வச்சுப் பாக்கட்டுமா என்றார் மேனேஜர். தாராளமா பாருங்க என்றேன், அந்த ஆளுக்கும் அதேதான் வந்தது. இரண்டு நல்லது, ஒன்று கெட்டது என்று கையெழுத்துப் போட்டேன். அந்த வார்ப்பு உடைப்புக்குப் போனது, மாமா அச்சுக்கு மண் கலக்கிற பிரிவுக்குப் போனான், ஒரு மாதத்துக்கு மட்டும்.

கூடப் பிறந்தவளே காலை வாரிட்டா என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறான். அதற்கு அப்பா, உன் அக்கா என் முழங்காலைக்கூடச் சரின்னு எழுத மாட்டா, நீ எம்மாத்திரம் என்றாராம். வாசலில் எதிரே வந்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான். வலித்தது. ஆனாலும் நீ கேட்டதற்குப் பதில் இதுதான்: அந்த வால்வுக்குப் பக்கத்தில் நிற்கப்போகிறவனுக்கும் ஒரு அக்கா இருப்பாள்.

இந்த வாரம் அவனை உலைக்குத் திரும்ப எடுத்தார்கள். எந்த ஷிஃப்ட் வேண்டும் என்று ஃபோர்மேன் கேட்டாராம், எனக்கு எதுவோ அதையே கேட்டு வாங்கியிருக்கிறான். முதல் துண்டை ஆளிடம் கொடுத்தனுப்பாமல் இடுக்கியில் பிடித்து அவனே கொண்டுவந்தான், வைத்துவிட்டுப் போகாமல் நின்றான். தேய்த்து வைத்துப் பார்த்து, அலுமினியம் அளவா இருக்கு என்றேன். சரிக்கா என்றான், போய்விட்டான்.

எந்தக் குறையும் இல்லாமல் மூவரும் நீண்ட நாள் நன்றாக இருங்கள். மாமாவுக்கு ஒரு போன் போடு, குழந்தையின் குரலைக் கேட்கட்டும். அந்த ஷிஃப்டை ஏன் கேட்டு வாங்கினாய் என்று மட்டும் அவனிடம் கேட்டுவிடாதே.

என்றும் உன் நினைவில்,
அம்மா